பாதிக் கோபம் அப்பாவுடையது என்றால்?

மார்ச் 2, இரவு 9.50. ஒரு வாசகரின் கேள்வி

“மனிதக் குணங்களில் 50 சதவீதம் மரபணுவால் வருகிறது என்று படித்தேன். என் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். எனக்கும் அப்படியே. ஆக, என் கோபத்தில் பாதி அவர் கணக்கு, பாதிதான் என் கணக்கு. ஆலோசகரிடம் போனால் என் பாதியைத்தானே குறைக்க முடியும்? மற்ற பாதிக்கு என்ன செய்ய?”

மார்ச் 2, இரவு 11.20

கணக்கை இப்படிப் பிரித்தால் உங்கள் அப்பா தன் கோபத்தில் பாதியைத் தாத்தா தலையில் கட்டுவார், தாத்தா கொள்ளுத்தாத்தா தலையில் கட்டுவார். கடைசியில் ஏதோ ஒரு குகையில் போய் நிற்க வேண்டியதுதான்.

அந்த 50 எங்கிருந்து வந்தது என்று தெரியும். 2015இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. ஐம்பது ஆண்டு இரட்டையர் ஆய்வுகளை ஒன்றாகப் போட்டு அலசினார்கள். 2,748 கட்டுரைகள், 17,804 பண்புகள், ஏறக்குறைய 1.45 கோடி இரட்டையர் ஜோடிகள் (ஒரே ஜோடி பல ஆய்வுகளில் வந்திருக்கும், தலை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்). உடல், மனம் என்று எல்லாப் பண்புகளுக்கும் சேர்த்துச் சராசரி மரபுப் பங்கு 49 சதவீதம். எண்ணில் பிழையில்லை.

அது ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய எண். ஆயிரம் பேரின் கோபத்தை அளந்தால் ஒருவருக்குக் கூடுதலாகவும் ஒருவருக்குக் குறைவாகவும் இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வில் எவ்வளவு, அவர்களுக்குள் இருக்கும் மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்றுதான் அது சொல்கிறது. உங்கள் ஒருவருடைய கோபத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் இவ்வளவு மரபணு, இவ்வளவு வளர்ப்பு என்று கூறு போட அதற்கு வழியில்லை. ஒரு செவ்வகத்தின் பரப்பளவில் நீளத்தின் பங்கு எத்தனை, அகலத்தின் பங்கு எத்தனை என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

மார்ச் 3, காலை 6.40

நேற்று இதைச் சொல்லியிருக்க வேண்டும். தத்துவப் பேராசிரியர் நெட் பிளாக் 1995இல் எழுதிய உதாரணம். கையில் ஐந்து விரல் முளைப்பது முழுக்க மரபணு வேலை. ஆனால் விரல் எண்ணிக்கையின் மரபுப் பங்கைக் கணக்கிட்டால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். நான்கு விரலோடு இருப்பவர்களில் பெரும்பாலோர் விபத்தில் இழந்தவர்கள். ஆளுக்கு ஆள் வேறுபாடு விபத்தால் வந்ததே தவிர மரபணுவால் வரவில்லை.

இதை மறுபக்கமாகவும் பார்க்கலாம். உயரத்தின் மரபுப் பங்கு 80 சதவீதத்தை ஒட்டி வரும். அப்படியும் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரே நூற்றாண்டில் சுமார் 20 சென்டிமீட்டர் கூடியது. நூறு ஆண்டில் மரபணு அவ்வளவு மாறாது. வாழ்க்கை மாறியது. 80 சதவீதம் என்பது ‘80 சதவீதம் பூட்டு’ இல்லை.

மார்ச் 3, மதியம் 1.15

“இந்தப் பங்கை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே கரு இரட்டையருக்கு மரபணு ஏறத்தாழ முழுக்க ஒன்று. இரு கரு இரட்டையருக்கு, அண்ணன் தங்கை போல, வேறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதி ஒன்று. ஏதோ ஒரு குணத்தில் முதல் வகையினருக்குள் ஒற்றுமை (அச்சு அசலாக ஒத்துப்போனால் 1) 0.60, இரண்டாம் வகையினருக்குள் 0.35 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.25. இரு வகையினருக்கும் இடையே மரபணு ஒற்றுமையில் வித்தியாசம் பாதிதான் என்பதால், அதை இரட்டிப்பாக்கினால் 0.50. அடிப்படை இவ்வளவுதான், இப்போதைய கணக்கு முறைகள் கொஞ்சம் நுணுக்கமானவை.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று எல்லாரும் உடனே பிடிப்பார்கள்: ஒரே கரு இரட்டையரை எல்லாரும் ஒரே மாதிரி நடத்துவார்களே, அதனால் ஒற்றுமை கூடாதா? நியாயமான சந்தேகம். அதையும் சோதித்திருக்கிறார்கள். உண்மையில் இரு கருவாக இருந்தும் பெற்றோர் ஒரே கரு என்று நம்பி வளர்த்த பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் பெற்றோரின் நம்பிக்கையைவிட உண்மையான மரபணு ஒற்றுமையே பெரும்பாலும் பேசியது.

மார்ச் 3, இரவு 10.05

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு ஆர்வம் என்று கேட்டவருக்கு: உளவியல் பாடம் எடுப்பது என் வேலை. போதாக்குறைக்கு, ஒரே கரு இரட்டையரில் ஒருத்தி.

அக்கா என்னைவிடச் சில நிமிடங்கள் மூத்தவள். எங்கள் இருவருக்கும் பேச்சின் நடுவே இடது காது மடலைத் திருகும் பழக்கம் உண்டு. இருவருமே அதை மற்றவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். தொலைபேசியில் எங்கள் குரலை அம்மாவே மாற்றிப் புரிந்துகொள்வார். ஆனால் அவளுக்கு முப்பதுகளில் கடுமையான மனச்சோர்வு வந்தது. எனக்கு வரவில்லை. ஒரே மரபணு, ஒரே வீடு, ஒரே பள்ளி.

அதற்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் உண்டு. அப்பா, அவள் பார்த்த வேலை என்பார். அத்தை, அவள் எதையும் வெளியே சொல்லாதவள் என்பார். நானும் ஒரு காரணம் வைத்திருந்தேன், அதை இப்போது பெரிதாக நம்புவதில்லை. நோய் எனக்கு வந்து அவளுக்கு வராமல் இருந்திருந்தாலும் இதேபோல மூன்று காரணம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். நான் பார்த்த வேலையும் ஒன்றும் பூப்பறிக்கும் வேலை இல்லை.

மார்ச் 4, காலை 7.30

ஜிம் இரட்டையரைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், உண்மைக் கதைதான். பிறந்த சில வாரங்களில் பிரிந்து, வெவ்வேறு குடும்பங்களில் வளர்ந்து, 1979இல் 39 வயதில் சந்தித்த இரண்டு அமெரிக்கர்கள். இருவருக்கும் பெயர் ஜிம். இருவரும் முதலில் லிண்டா என்ற பெயருள்ளவரை மணந்தார்கள், பிறகு பெட்டி என்ற பெயருள்ளவரை மணந்தார்கள். சிறுவயதில் வளர்த்த நாய்க்கும் ஒரே பெயர். மினசோட்டாவில் தாமஸ் பூஷார் நடத்திய ‘பிரிந்து வளர்ந்த இரட்டையர்’ ஆய்வு அவர்களோடுதான் தொடங்கியது.

ஆய்வு முக்கியமானது. கதையை அவ்வளவு நம்ப வேண்டாம். மனைவியின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் மரபணு கிடையாது, லிண்டாவும் பெட்டியும் அந்தத் தலைமுறையில் அங்கே தெருவுக்கு நாலு பேர் வைத்திருந்த பெயர்கள். ஒரே வயது, ஒரே நாடு என்றால் அந்நியர் இருவரை உட்கார வைத்துப் பேச விட்டாலும் ஒரு மணி நேரத்தில் இப்படிப் பத்து ஒற்றுமை கிடைக்கும். கிடைக்காத ஆயிரத்தை யார் எழுதப்போகிறார்கள்?

மார்ச் 4, காலை 7.45

நாயின் பெயர் டாய். அதற்கும் யாராவது மரபணு தேடாமல் இருந்தால் சரி.

மார்ச் 5, இரவு 9.30

“கோபத்துக்கு எந்த மரபணு?”

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு தலைமுறை ஆய்வே வீணாகியிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

1993இல் ஹான் புரூனர் என்ற நெதர்லாந்து மரபியலாளர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அதில் பல ஆண்களுக்குத் திடீர் வன்முறை, லேசான அறிவுத்திறன் குறைபாடு. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் எம்ஏஓஏ என்ற மரபணு அவர்களிடம் அடியோடு வேலை செய்யவில்லை. செரோட்டோனின், டோபமைன் போன்ற மூளை வேதிப்பொருட்களை உடைக்கும் நொதியை உருவாக்குவது அது. இது மிக மிக அரிய நிலை.

அதே மரபணு கொஞ்சம் மந்தமாக இயங்கும் வடிவம் ஒன்றும் உண்டு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு அளவில் இருக்கிறது. இதற்குப் பத்திரிகைகள் ‘போர்வீரர் மரபணு’ என்று பட்டம் கட்டின. மூன்றில் ஒருவர் போர்வீரர் என்றால் உலகம் இந்நேரம் என்ன ஆகியிருக்கும்!

மனச்சோர்விலும் இதே கதை. செரோட்டோனின் கடத்தி மரபணுவின் குட்டை வடிவம் இருந்து, வாழ்க்கையில் அடி விழுந்தால் மனச்சோர்வு வர வாய்ப்பு அதிகம் என்று 2003இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் பிறந்ததிலிருந்து தொடரப்பட்ட ஒரு தலைமுறையை வைத்துச் செய்த அழகான ஆய்வு. நானே பல ஆண்டுகள் வகுப்பில் சொன்னேன், மாணவர்கள் கண் விரியக் கேட்பார்கள். 2019இல், மனச்சோர்வுக்குக் காரணம் என்று பேர்வாங்கிய 18 மரபணுக்களை லட்சக்கணக்கானோரிடம் சோதித்துப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மரபணுக்களைவிட அவை எந்த விதத்திலும் மேலாக இல்லை.

அப்படியென்றால் மரபுப் பங்கு பொய்யா? இல்லை. பங்கு ஒன்றிரண்டு இடத்தில் குவிந்திருக்காமல் டிஎன்ஏவில் ஆயிரக்கணக்கான இடங்களில் சிதறிக் கிடக்கிறது. எத்தனை ஆண்டு படிக்கிறோம் என்பதைப் பற்றிய ஆய்வில் இது பளிச்சென்று தெரியும். 2018இல் 11 லட்சம் பேரை ஆராய்ந்து 1,271 இடங்களைக் கண்டார்கள். 2022இல் 30 லட்சம் பேர், கிட்டத்தட்ட 3,950 இடங்கள். முதலில் 2013இல் கண்டுபிடித்த மூன்று இடங்களே ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மாதப் படிப்பு அளவுக்குத்தான் வித்தியாசம் காட்டின. அந்த ஆயிரங்களை எல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண்ணாக்கினாலும் ஆளுக்கு ஆள் வேறுபாட்டில் 12 முதல் 16 சதவீதம்தான் பிடிபடுகிறது.

மார்ச் 5, இரவு 10.10

இதையும் சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா மகன் எச்சிலைக் குழாயில் அடைத்து ஏதோ ஒரு நிறுவனத்துக்கு அனுப்பி, பளபளப்பான அறிக்கை ஒன்று வாங்கினான். ‘ஆவேசம்: சராசரிக்கு மேல்’, பக்கத்திலேயே சிவப்புக் கோடு. எங்கள் குடும்பத்தில் வரிசையில் நின்று மூன்று பேருக்கு வழிவிட்டுவிட்டு நாலாவதாகப் போகிறவன் அவன். அறிக்கை வந்த பிறகு ஒரு வாரம் எல்லாரிடமும் முறைத்துப் பார்த்துக்கொண்டு திரிந்தான். அவனுக்கே அது ஒத்துவரவில்லை, விட்டுவிட்டான்.

மார்ச் 7, மாலை 6.20

“என்னதான் சொல்லுங்கள், மரபணுவில் எழுதியதை மாற்ற முடியாது” என்று எழுதியிருப்பவருக்கு.

மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய்க்கு இது கிட்டத்தட்ட பொருந்தும். நாலாவது குரோமோசோமில் சிஏஜி என்ற டிஎன்ஏ மூன்றெழுத்து 40 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால், இயல்பான ஆயுள் வாழ்கிறவருக்கு நோய் வந்தே தீரும். மனித நடத்தையில் இப்படி அடித்துச் சொல்லக்கூடியவை மிகச் சில.

இப்போது பிகேயு என்ற ஃபீனைல்கீட்டோனூரியாவைப் பாருங்கள். அதுவும் ஒற்றை மரபணுக் கோளாறுதான், கவனிக்காமல் விட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி கடுமையாகப் பாதிக்கும். 1934இல் நார்வேயில் ஒரு தாய், வளர்ச்சி குன்றிய தன் இரு பிள்ளைகளின் சிறுநீரில் ஏன் இந்த விநோத வாடை என்று மருத்துவர் மருத்துவராக ஏறி இறங்கினார். கடைசியில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவர் அதில் ஃபெரிக் குளோரைடை விட்டார். பழுப்பாக ஆகியிருக்க வேண்டியது பச்சையாக மாறியது. அங்கிருந்து பிடித்து, ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை அந்த உடலால் உடைக்க முடியவில்லை என்று கண்டுபிடித்தார்.

சிகிச்சை? பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பது, உணவில் அந்த அமினோ அமிலத்தை மிகவும் குறைத்து, அளந்து கொடுப்பது. மரபணு இருந்த இடத்திலேயே இருக்கிறது. குழந்தை எல்லாக் குழந்தையையும் போல வளர்கிறது. காரணம் மரபணுவில் இருந்தால் தீர்வும் மரபணுவில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

எலிக் கதை ஒன்றும் உண்டு. புதிர்ப்பாதையில் சீக்கிரம் வழி கண்டுபிடிக்கும் எலிகளைத் தங்களுக்குள்ளும், தடுமாறும் எலிகளைத் தங்களுக்குள்ளும் தலைமுறை தலைமுறையாக இணைத்து இரண்டு வம்சம் உருவாக்கியிருந்தார்கள். கனடாவில் கூப்பரும் சூபெக்கும் 1958இல் அந்த வம்சாவளிக் குட்டிகளை வெவ்வேறு கூண்டுகளில் வளர்த்தார்கள். சாதாரணக் கூண்டில் கெட்டிக்கார வம்சம் சராசரியாக 117 பிழை, மற்றது 164. சுரங்கமும் சறுக்கும் ஊஞ்சலும் வைத்த கூண்டில் இரண்டும் 110, 120 பக்கம் வந்துவிட்டன. ஒன்றுமே இல்லாத மொட்டைக் கூண்டில் இரண்டும் 170ஐத் தொட்டன. இப்போது ‘மரபுப் பங்கு எவ்வளவு?’ என்று கேளுங்கள். எந்தக் கூண்டில் என்று திருப்பிக் கேட்பேன்.

மார்ச் 8, இரவு 11.00

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒரு தாய் எழுதியிருக்கிறார்: “கூண்டுதான் எல்லாம் என்றால், என் பிள்ளை இப்படி ஆனதற்கு நான்தான் காரணமா?”

எலிக் கதை இந்தப் பக்கம் திரும்பும் என்று நான் நினைக்கவில்லை. உயிரியல் விளக்கம் இல்லாத காலத்தில் தாய்மார் பட்டபாட்டையும் சொல்ல வேண்டும். 1950, 60களில் ஆட்டிசத்துக்குக் காரணம் தாயின் பாசமின்மை என்று பெரிய பெரிய நிபுணர்கள் எழுதினார்கள். ‘குளிர்பெட்டித் தாய்’ என்று பட்டம். பிள்ளையின் நிலை ஒரு பக்கம், நீதான் செய்தாய் என்ற குற்றச்சாட்டு இன்னொரு பக்கம். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வு அந்தக் கதையை உடைக்கத் தொடங்கியது. ஒரே கரு ஜோடிகள் 11இல் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம். இரு கரு ஜோடிகள் பத்தில் ஒன்றில்கூட இல்லை. அந்தத் தாய்மாருக்கு மரபியல் கைவிலங்காக வரவில்லை, விடுதலையாக வந்தது.

அக்காவை முதல் முறை மருத்துவரிடம் அழைத்துப்போனபோது ஒரு படிவம் தந்தார்கள். ‘குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநலப் பாதிப்பு உண்டா?’ என்ற வரிக்கு வந்ததும் அம்மா பேனாவை மூடிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, தன் சித்தியின் பெயரை எழுதினார். வீட்டில் யாரும் பேசாத பெயர். பிறகு நிறுத்தாமல் இன்னும் இரண்டு பெயர் எழுதினார். வெளியே வரும்போது, “என் வளர்ப்பு மட்டும் இல்லையே” என்றார். அந்த வாக்கியம் அறிவியல்படி எவ்வளவு சரி என்று அன்று நான் ஆராயவில்லை.

மார்ச் 9, காலை 8.15

மேலே உள்ளதை வைத்துக்கொண்டு “ஆக, பெற்றோர் வளர்ப்பு வீண்” என்று கிளம்பிவிட்டார் ஒருவர். பொறுங்கள்.

அமெரிக்க உளவியலாளர் எரிக் டர்க்ஹைமர் 2000இல் மூன்று ‘விதிகள்’ எழுதினார். எல்லாக் குணத்திலும் மரபின் பங்கு உண்டு. ஒரே வீட்டில் வளர்வதன் பாதிப்பு மரபணுவின் பாதிப்பைவிடக் குறைவு. இரண்டிலும் அடங்காத பெரிய பகுதி ஒன்று மிச்சம் நிற்கிறது. இரண்டாவது விதியைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒரே மாதிரி ஆக்குவதில் வீட்டின் பங்கு குறைவு என்பதே அதன் பொருள். அதே கண்டிப்பு ஒரு பிள்ளையை அடக்கும், இன்னொன்றை முறுக்கும். ஆய்வுக் கணக்கில் அது ‘வீட்டின் பங்கு’ வரிசையில் விழாது.

அப்புறம், மரபணுவே சில சமயம் வளர்ப்பு வேடம் போட்டு வரும். ஐஸ்லாந்துத் தரவுகளை வைத்து 2018இல் ஒன்று காட்டினார்கள். பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு *வராமல்* போன மரபணு வடிவங்களும் பிள்ளையின் படிப்பைப் பாதிக்கின்றன, வந்தவற்றின் பாதிப்பில் ஏறக்குறைய 30 சதவீத அளவுக்கு. பிள்ளையின் உடம்பில் இல்லாத மரபணு எப்படி வேலை செய்யும்? பெற்றோர் உருவாக்கும் வீட்டின் வழியாகத்தான்.

முதல் கேள்வி கேட்டவருக்கும் இதில் விஷயம் இருக்கிறது. உங்கள் அப்பா கோபத்தை உங்களுக்கு இரண்டு வழியில் தந்திருக்கலாம், ரத்தத்திலும் சாப்பாட்டு மேசையிலும். இரண்டையும் பிரித்துப் பார்க்க உங்கள் ஒரு குடும்பம் போதாது.

மார்ச் 11, இரவு 9.40

திருமணத்துக்கு முன் இரு தரப்பும் மரபணு மதிப்பெண் பார்த்துவிட்டால் நல்ல குணமுள்ள பிள்ளைகள் பிறக்குமே என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. ஸ்மைலி போட்டிருக்கிறார், இருந்தாலும் பதில் சொல்கிறேன்.

இரட்டையரை வைத்து ஆராயலாம் என்று 1875லேயே எழுதிய பிரான்சிஸ் கால்டன்தான் 1883இல் ‘யூஜெனிக்ஸ்’ (‘நல்ல’ மரபுள்ளவர்களை மட்டும் பெருக்க வேண்டும் என்ற கொள்கை) என்ற பெயரையும் சூட்டினார். அந்த வழியில் போன அமெரிக்காவில் 60,000 பேருக்கு மேல் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். 1927இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு கேரி பக் என்ற இளம்பெண்ணுடையது. தாய்க்கு அறிவு மந்தம், மகளுக்கும் மந்தம், பேத்திக்கும் மந்தம் என்பது அரசுத் தரப்பு வாதம். வழக்கு கீழ் நீதிமன்றத்தில் தொடங்கியபோது பேத்திக்குச் சில மாத வயது. ‘பார்வையில் ஏதோ சரியில்லை’ என்ற ரீதியில் ஒரு சமூகப் பணியாளர் சொன்ன சாட்சியம்தான் ஆதாரம். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. விவியன் என்ற அந்தக் குழந்தை பிறகு பள்ளிக்குப் போய், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலிலும் இடம்பிடித்தாள். எட்டு வயதில் நோயில் இறந்துபோனாள்.

ஸ்மைலிக்கு ஸ்மைலி போட எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 12, இரவு 10.30

மூளை ஸ்கேனில் வித்தியாசம் தெரிந்தால் அது பிறவியிலேயே வந்தது என்று பலர் நினைப்பது தெரிகிறது. அப்படிக் கட்டாயமில்லை. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அவர்களின் மூளையில் நினைவுக்கும் வழியறிவுக்கும் உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பகுதி பெரிதாக இருப்பதை 2000இல் எலினோர் மகுவயர் குழு காட்டியது. பிறகு பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், தேர்ச்சி பெற்றவர்களிடம் அந்த வளர்ச்சி தெரிந்தது. கற்றதும் மூளையில்தான் பதிகிறது, வேறெங்கே போகும்?

கோபத்துக்கும் இதுவே. ஆலோசகர் உங்களோடு பேசுவது உங்கள் ‘இரண்டாவது பாதி’யோடு மட்டும் இல்லை. முதலில் தூக்கம், தைராய்டு, குடி இவற்றைப் பாருங்கள், இவை மூன்றும் அப்பாவின் பெயரில் சுலபமாக ஒளிந்துகொள்ளும்.

மார்ச் 14, காலை 7.05

“என் அப்பாவுக்கு மனச்சிதைவு நோய். எனக்கு வருமா? நான் பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இத்தனை வேடிக்கைப் பேச்சுக்கு நடுவில் இந்தக் கேள்வி வந்ததால் தனியாக எழுதுகிறேன்.

பொதுவாக நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் நூறில் சுமார் பத்து. அதாவது தொண்ணூறு பேருக்கு வராது. ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட மற்றவருக்கு வருவது நூறில் 30 முதல் 50 வரைதான். தாத்தா பாட்டிக்கு இருந்து பெற்றோருக்கு இல்லையென்றால் பேரப்பிள்ளைகளுக்கு வாய்ப்பு இன்னும் குறைந்துவிடும்.

நோய் பெரும்பாலும் பதின்பருவக் கடைசியிலிருந்து முப்பதுகளுக்குள் தலைகாட்டும். அந்த வயதைத் தாண்டிவிட்டீர்களென்றால் அந்தப் பத்தும் உங்களைப் பொறுத்தவரை வெகுவாகக் குறைந்துவிட்டது. தாண்டவில்லை என்றால் கஞ்சா பக்கமே போகாதீர்கள், ஏற்கெனவே குடும்பத்தில் இருப்பவர்களுக்கு அது ஆபத்தைக் கூட்டுகிறது. பல நாள் தூக்கம் கெட்டு, யாரோ கவனிக்கிறார்கள், பேசுகிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தால் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் அதிகம்.

பிள்ளை பெறுவதைப் பற்றி முடிவு உங்களுடையது. எண்களோடு உட்கார்ந்து பேச மரபியல் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், துணையையும் அழைத்துக்கொண்டு போங்கள். அப்பாவின் நோய் எந்த வயதில் தொடங்கியது, வேறு உறவினர் யாருக்கு இருந்தது என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டால் அவர்களுக்கு உதவும்.